முப்பத்து மூன்றில் பச்சை

என் பழைய போர்டைக் கழற்றி எடுத்துப் போன திங்கட்கிழமையே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பத்தொன்பது வருடம் அதன் எதிரில் உட்கார்ந்தவள் நான். மரக்காணம் உப்பளத்தில் எங்கள் கம்பெனிக்கு இருக்கிற ஆபீஸ், குடோன், எடை மேடை, ஸ்விட்ச் ரூம், நாலு பம்ப் ஷெட், எல்லாவற்றின் போனும் என் போர்டில்தான் வந்து முடியும். ஒவ்வொரு போனுக்கும் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பல்பு. ரிசீவர் வைத்திருந்தால் பச்சை, எடுத்தால் சிவப்பு. என் பெயர் லூர்துமேரி. பாதிப் பேருக்கு அது தெரியாது, போர்டம்மா என்றால்தான் தெரியும். போர்டோடு சேர்த்து அந்தப் பட்டத்தையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் திரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மரக்காணம், வானூர் பேக்கிங் யூனிட், புதுச்சேரி ஹெட் ஆபீஸ், மூன்று இடத்து போன்களும் இனி ஒரே வலை. திரையில் கட்டம் கட்டமாக அறுபத்தெட்டு எக்ஸ்டென்ஷன். சும்மா இருக்கிற போன் பச்சை, பேசுகிற போன் சிவப்பு, செத்துப்போன போன் சாம்பல். யார் யாரோடு எத்தனை நிமிடமாகப் பேசுகிறார் என்பதுகூடத் தெரியும். வானூரில் உட்கார்ந்துகொண்டே மரக்காணத்தில் யார் சீட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என மானேஜர் ஜெயசீலனுக்கு ஒரே பூரிப்பு. பார்க்கட்டும். எங்கள் மூஞ்சியில் என்ன சினிமாவா ஓடுகிறது.

அதை மாட்டித் தந்தவர் பாலகுரு. ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆள், முப்பது வயதிருக்கும், என்னை மேடம் என்றே கூப்பிடுவார். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஸ்டாரும் எட்டும் அழுத்திப் பேசினால் மூன்று ஊரிலும் சும்மா இருக்கிற எல்லா போனும் தானாகத் திறந்து நம் குரலைச் சொல்லும் என்றார். கோயில் திருவிழா மைக் மாதிரியா தம்பி, காணாமல் போன பிள்ளைக்கு அறிவிப்பா என்று கேட்டேன். சிரித்தார். பேசிக்கொண்டிருக்கிறவர்களின் நடுவே புகுந்து பேசுவதற்குப் பழைய போர்டில் சாவி என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அது எங்கே என்று கேட்டேன். அது பிரைவசிக்கு ஆகாது, எடுத்துவிட்டோம் என்றார்.

இப்போது பூட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதன்கிழமை நான் ஏன் அப்படி ஓடினேன் என்று புரியாது.

உப்பளத்தில் இரும்பு நிற்காது. சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், மண்வெட்டி எல்லாமே வாடகைக்கு வந்த மாதிரிதான், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடும். பல வருடத்துக்கு முன்னால் ஒரு சேஃப்டி ஆபீசர் வந்து சிவப்புப் பூட்டுகள் கொடுத்தார். மோட்டர் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவன், ஸ்விட்ச் ரூமில் அந்த லைனின் கைப்பிடியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார். ஒரு மழைக்காலம் தாண்டியது. பூட்டுகள் துருவேறி வாயை மூடிக்கொண்டன. ரம்பம் வைத்து அறுத்தோம், பாதி நாள் பம்ப் நின்றது, மேலே இருந்து திட்டு வந்தது. அதோடு பூட்டு போயிற்று. பம்ப் ஷெட்டுகளில் இருக்கிற மெயின் ஸ்விட்ச்சுகளும் போட்டது போட்டபடி இறுகிப்போய் வருடக்கணக்காகிறது.

மோட்டர் பழுது பார்க்கிற பிட்டர் கன்னியப்பன்தான் வழி கண்டுபிடித்தார். குழிக்குள் இறங்குமுன் ஷெட்டு போனிலிருந்து என்னைக் கூப்பிடுவார். "மேரிம்மா, எறங்குறேன். எடுத்து வச்சிருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. நான் வைத்துவிடுவேன், அவர் வைக்க மாட்டார். ரிசீவரைப் பலகை மேல் படுக்கப்போட்டுவிட்டு இறங்கிவிடுவார். என் போர்டில் அந்த ஷெட்டு பல்பு சிவப்பாகவே நிற்கும். மேலே ஏறி ரிசீவரை வைத்த பிறகுதான் பச்சை. ஸ்விட்ச் ரூம் மணிவண்ணன் எந்த லைன் போடுவதானாலும் முதலில் என்னைக் கேட்பான், எல்லாம் பச்சையாக்கா என்று. நான் பச்சை என்றால் போடுவான். என் வாய்தான் சாவி. பிளாஸ்டிக் ரிசீவருக்குத் துரு பிடிக்காது பாருங்கள், அதனால் அந்தப் பூட்டு பத்தொன்பது வருடமும் வேலை செய்தது. எந்தப் பேப்பரிலும் அது கிடையாது.

கன்னியப்பனும் நானும் பத்தொன்பது வருடத்தில் உட்கார்ந்து பேசியது என்று எடுத்தால் ஒரு மணி நேரம் தேறாது. ஆனால் அவர் வேலை எனக்கு பல்பில் தெரியும். பெல்ட் மாற்றினால் அரை மணி, பேரிங் என்றால் மத்தியானம் வரைக்கும். அவர் குழியில் இருக்கும்போது நான் டீ குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போகத் தோன்றும், போனால் போர்டுக்கு ஆள் இருக்காது. முதலில் அது ஜாக்கிரதைக்காகச் செய்தது. பிறகு விரதம் மாதிரி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை எடை மேடையைக் கூப்பிட்டேன். திரையில் கட்டம் பச்சை, காதில் எங்கேஜ்டு டோன். நாலு தடவை அப்படியே. ஆள் விட்டுப் பார்த்தால் எடை மேடை சிலம்பரசன் ரிசீவரைக் கோணலாக வைத்துவிட்டு லாரிக்காரனோடு வாயடித்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டினேன், புது மெஷினையும் சேர்த்துத் திட்டினேன், பாலகுருவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அத்தோடு மறந்துபோனேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட் கிடையாது, லைன் பராமரிப்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கரண்ட் போனாலும் போனும் என் திரையும் பேட்டரியில் ஓடும். கரண்ட் இல்லாத நாள்தான் பிட்டருக்கு வேலை நாள். ஒன்பதே காலுக்கு முப்பத்து மூன்றிலிருந்து கூப்பிட்டார். முப்பத்து மூன்று என்றால் மூன்றாவது பம்ப் ஷெட்.

"மேரிம்மா, மூணாவதுல எறங்குறேன். எடுத்து வச்சிருக்கேன்."

சரிண்ணே என்று வைத்தேன். கட்டம் சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். புது மெஷின் வந்த பிறகு அவர் குழியில் இறங்குவது அதுதான் முதல் தடவை. அதற்குள் வானூரிலிருந்து ஒரு கால், புதுச்சேரியிலிருந்து ஒரு கால், லாரி எங்கே என்று ஒரு கால். திரும்பிப் பார்த்தபோது முப்பத்து மூன்று பச்சை. ஸ்பேனர் மறந்து மேலே ஏறியிருப்பார், மறுபடி எடுத்து வைப்பார் என்று நினைத்தேன். மறுபடி எடுத்து வைத்தாரா என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. அறுபத்தெட்டுக் கட்டம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பழைய போர்டில் எனக்கு இருந்தது பதினாறே பல்பு.

பதினொன்று நாற்பதுக்கு என் தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் இரண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பங்குனி வெயிலுக்கு அந்தக் காற்று சுகமாக இருந்தது என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மறு நிமிடம் மணிவண்ணன் கூப்பிட்டான். கால்வாயில் கடல் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஒரு மணிக்குள் இறங்கிவிடும், அதற்குள் நாலு பம்பும் ஓட வேண்டும் என்று மானேஜர் வானூரிலிருந்து குதிக்கிறார் என்றான். பிறகு வழக்கம்போல் கேட்டான்.

"எல்லாம் பச்சையாக்கா?"

திரையைப் பார்த்தேன். முப்பத்து ஒன்று பச்சை, இரண்டு பச்சை, மூன்று பச்சை, நாலு பச்சை.

"பச்சைதான்," என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை தன் வாயால் தான்தான் கெடும். நான் அதைவிடக் கேடுகெட்டவள், என் வாயால் கெடவிருந்தது இன்னொரு ஆள்.

ரிசீவரை வைத்துவிட்டு டீ கிளாசைக் கையில் எடுத்தேன். பதினொரு மணிக்கு வந்த டீ. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றேன். சுடச்சுட வந்த டீயை ஏன் குடிக்காமல் வைத்திருக்கிறேன்? திரை பச்சை என்கிறது, என் வாய் பச்சை என்று சொல்லிவிட்டது. ஆனால் என் கை டீயைத் தொடவில்லை. என் உடம்பைப் பொறுத்தவரை கன்னியப்பன் இன்னும் குழிக்குள்தான் இருந்தார்.

முப்பத்து மூன்றை அழுத்தினேன். எங்கேஜ்டு டோன். மறுபடி அழுத்தினேன். கண்ணுக்குப் பச்சை, காதுக்கு எங்கேஜ்டு. எடை மேடையும் சிலம்பரசனின் கோணல் ரிசீவரும் அப்போதுதான் என் மண்டையில் இறங்கின. ரிசீவர் எடுத்து இருந்தாலும் பேச்சு இல்லை என்றால் இந்த மெஷினுக்கு அது பச்சை. ஒன்பதே காலிலிருந்து ரிசீவர் பலகை மேல்தான் கிடக்கிறது. முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, கையை மோட்டர் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு, அந்த மனிதர் என்னை நம்பி உள்ளே இருக்கிறார்.

ஜன்னல் வழியாக முதல் பம்ப் ஓடும் சத்தம் வந்தது. அப்படியென்றால் மணிவண்ணன் முதல் லைனைப் போட்டுவிட்டான். எல்லா ஷெட்டிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர், லைன் வந்தால் மோட்டர் தானாகக் கிளம்பும். ஒரு மோட்டர் கிளம்பி நிதானத்துக்கு வர இரண்டு நிமிடம் விட்டுத்தான் அடுத்த லைனைப் போடுவான், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் மெயின் விழுந்துவிடும். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பம்பும் சேர்ந்துகொண்டது. இனி எனக்கு இருந்தது இரண்டு நிமிடம்.

ஸ்விட்ச் ரூமை அழுத்தினேன். எங்கேஜ்டு. இது நிஜமான சிவப்பு. ஸ்விட்ச் ரூம் இருநூற்றொன்று, எதிரில் ஐநூற்றொன்று, மூன்று நிமிடம் நாற்பது நொடி என்று திரை காட்டியது. ஐநூற்றொன்று வானூரில் மானேஜர் மேசை. ஒவ்வொரு லைனாகச் சொல்லிக்கொண்டே போடு என்று அவனை போனில் பிடித்து வைத்திருக்கிறார் போலும். பழைய சாவி இருந்தால் நடுவே புகுந்து கத்தியிருப்பேன். பிரைவசியாம். கன்னியப்பனின் செல்லுக்கு அடித்தேன், அது அடித்துக்கொண்டே இருந்தது. உப்புத் தண்ணீர் இரண்டு செல்லைத் தின்ற பிறகு அவர் செல்லைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையைச் சைக்கிளில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். மணிவண்ணனின் செல் ஸ்விட்ச் ரூமுக்கு வெளியே வண்டிப் பெட்டியில் இருக்கும், அது மானேஜரின் உத்தரவு. ஸ்விட்ச் ரூம் வரப்பு சுற்றி அறுநூறு மீட்டர். மூன்றாவது ஷெட் நானூறு. என் முட்டிக்கு இரண்டுமே இரண்டு நிமிடத் தூரம் இல்லை.

ஆபீசில் வேறு யாரும் இல்லை. மாதாவே என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். ஸ்டாரை அழுத்தினேன், எட்டை அழுத்தினேன்.

சும்மா இருக்கிற போன்கள்தான் பேசும் என்று பாலகுரு சொல்லியிருந்தார். ஸ்விட்ச் ரூம் போன் சும்மா இல்லை, பேசாது. முப்பத்து மூன்றின் ரிசீவர் எடுத்துக் கிடக்கிறது, அதுவும் பேசாது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அந்த இரண்டு பேருக்கும் கேட்காது என்று தெரிந்தேதான் கத்தினேன். வேறு என்ன செய்வது.

"மணி, மூணாவது லைன் போடாத. கன்னியப்பன் குழியில இருக்காரு. மூணாவது போடாத. மூணாவது போடாத."

பக்கத்து அறை போனிலிருந்தும் ஸ்டோர் போனிலிருந்தும் என் குரலே கொஞ்சம் பிந்தி என்னிடம் திரும்பி வந்தது. எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. கண் மட்டும் திரையில் இருந்தது. இருநூற்றொன்று சிவப்பு. ஐநூற்றொன்று சிவப்பு. சிவப்பு, சிவப்பு. திடீரென்று இரண்டும் ஒன்றாகப் பச்சையாயின.

பேச்சு முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது? கேட்டுவிட்டு நிறுத்தினானா, அல்லது கைப்பிடியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும் என்று போனை வைத்தானா? பச்சை அதைச் சொல்லாது. பச்சைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இருநூற்றொன்றை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ஓடினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்பத்தேழு வயதில், வாதம் பிடித்த முட்டியோடு, வழுக்குகிற வரப்பில் அது ஓட்டமா என்று பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும். உப்புக் கூடை சுமந்து வந்த பெண்கள் வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். யாரோ என்னக்கா என்று கேட்டார்கள், பதில் சொல்ல மூச்சு இல்லை. என் காது முழுக்க பம்ப் சத்தம். ஒன்று ஓடுகிறது, இரண்டு ஓடுகிறது. மூன்றாவது சத்தம் சேருகிறதா என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொண்டே போனேன். சேரவில்லை. இன்னும் சேரவில்லை. கால்வாய்ப் பக்கம் திரும்பும் மூலையில் கால் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் போனேன்.

ஷெட் வாசலில் சைக்கிள், அதன் மேல் சட்டை. உள்ளே பலகையில் ரிசீவர் மல்லாந்து கிடந்தது, அதிலிருந்து கீச்சுக்கீச்சென்று டோன். கீழே குழிக்குள் முதுகு தெரிந்தது. அந்த முதுகு அசைந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மேரிம்மா, இந்தப் பக்கம்?"

"மேல வாங்கண்ணே."

"ரெண்டு நட்டுதான் பாக்கி. முடிச்சிட்டு வர்றேன்."

"கரண்ட் வந்துடுச்சு. மேல வாங்க."

அவர் சிரித்தார். "தெரியுதே, ரெண்டாவது ஷெட்டு ஓடுது. ஓடட்டும். அதான் எடுத்து வச்சிருக்கேன், போர்டுல நீ இருக்க. எனக்கு இன்னா பயம்."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டும் இந்த மனிதர் கையை வெளியே எடுக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே ஏறச் சொன்னேன். ஏறி வந்து ஈரக்காலோடு நின்றார். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"மணி கேட்டான்ணே. நான் பச்சைன்னு சொல்லிட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. பலகையில் கிடந்த ரிசீவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது.  வேஸ்ட் துணியை எடுத்து வலது கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, ரொம்ப நேரம். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் மணிவண்ணன் வண்டி போகிற பெரிய வரப்பைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.  கன்னியப்பனைப் பார்த்ததும் ஷெட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்றாவது கைப்பிடியில் கையை வைத்திருக்கிறான். சீக்கிரம் போடு என்கிறார் மானேஜர். அந்த நேரத்தில் வானூரில் மானேஜர் அறைக்கு வெளியே இருக்கிற போன்கள் எல்லாம் என் குரலில் கத்த ஆரம்பித்திருக்கின்றன. யாருய்யா அது என்று மானேஜர் திரும்ப, அவர் மேசை போன் வழியாக என் குரல் இவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. மூணாவது, மூணாவது என்பது மட்டும் கேட்டதாம். போனை அப்படியே அணைத்துவிட்டுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, வண்டியைக் கிளப்பிவிட்டான். அறுநூறு மீட்டர் தள்ளி இருந்தவனுக்கு என் குரல் வானூர் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

மத்தியானம் வானூரிலிருந்து மானேஜரும் புதுச்சேரியிலிருந்து பாலகுருவும் வந்தார்கள். மானேஜரின் முதல் கேள்வி கன்னியப்பனைப் பற்றியது இல்லை. ஹெட் ஆபீசில் முதலாளி வெளியூர் வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மேசை போன் கத்தியிருக்கிறது, அதற்கு யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் சார், முதலாளிக்கே போன் போட்டுக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

பாலகுரு திரையைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். மெஷினில் தப்பு இல்லை என்றார். பேச்சு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை, அது அப்படித்தான் செய்ய வேண்டும். ரிசீவரை எடுத்து வைத்தால் ஒரு நிமிடத்தில் அது தானாகப் பச்சைக்குப் போய்விடும். சொல்லிக்கொண்டே வந்தவர் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத நீங்க பூட்டா வச்சிருக்கீங்கன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே மேடம்."

உண்மைதான். யாரும் சொல்லவில்லை. போர்டைக் கழற்றியபோது மணிவண்ணன் பக்கத்தில் நின்று ஸ்க்ரூவைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் அதைத் தூக்கி லாரியில் வைத்தார். நான் என் பட்டம் போகிறதே என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். போர்டோடு பூட்டும் போகிறது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பையனை நான் எப்படித் திட்டுவது. 

பித்தளைப் பூட்டு வாங்க மானேஜர் எழுதிப் போட்டார். ரிசீவர் எடுத்திருந்தால் வேறு நிறம் காட்டும்படி மாற்றித் தருகிறேன் என்றார் பாலகுரு. எந்த நிறம் வேண்டும் மேடம் என்று கேட்டார். எனக்கு நிறங்களே வெறுத்துப்போயிருந்தன. கன்னியப்பன் ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பக்கம் பார்க்கவும் இல்லை. அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் சேர்த்து வைத்த ஒரே சொத்தை ஒரு வார்த்தையில் தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது.

மறுநாள் வியாழன். ஒன்பது மணிக்கு என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு கன்னியப்பன் உள்ளே வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் தானாக என்னைத் தேடி என் அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். என் மேசை மேல், திரைக்கு முன்னால் வைத்துப் பிரித்துக் காட்டினார். மூன்று ஃபியூஸ் கட்டைகள், வெள்ளைப் பீங்கான். ஸ்விட்ச் ரூமில் மூன்றாவது லைனிலிருந்து பிடுங்கி எடுத்து வந்திருக்கிறார். இவை இல்லாமல் மணிவண்ணன் தலைகீழாக நின்றாலும் அந்த லைனில் கரண்ட் வராது.

"பாக்கி ரெண்டு நட்ட முடிச்சிட்றேன். இது இங்க இருக்கட்டும்."

என்னிடம் ஏன், நீங்களே பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள் என்றேன். பச்சை என்று சொன்னவளே நான்தான் என்பதையும் சொன்னேன்.  அவர் பொட்டலத்தை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நானே வந்து வாங்கிக்கறேன். வேற யாரு கேட்டாலும் குடுக்காத. போன்ல நானே கேட்டாக்கூட குடுக்காத."

போய்விட்டார். முப்பத்து மூன்று பச்சையாக இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பத்தரைக்கு மானேஜர் வானூரிலிருந்து கூப்பிட்டு மூன்றாவது லைன் ஏன் இல்லை என்று கேட்டார். கட்டை என்னிடம் இருக்கிறது, கன்னியப்பன் நேரில் வந்து கேட்டால்தான் கொடுப்பேன் என்றேன். தண்ணீர் இறங்கிவிடும் என்றார். இறங்கட்டும் சார் என்றேன். பதினொரு மணிக்கு டீ வந்தது. ஆடை கட்டும் வரை அது அப்படியே இருந்தது. நான் பொட்டலத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே மற்ற போன்களை எடுத்தேன்.

பன்னிரண்டே காலுக்குக் கன்னியப்பன் கிரீஸ் கையோடு வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினார். அந்தக் கையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். மூன்று கட்டைகளையும் ஒவ்வொன்றாக அதில் வைத்தேன். அவர் கதவைத் தாண்டிப் போன பிறகு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தேன்.